பெங்களூர் வீட்டில் ஜப்பானிய மேப்பிள்: அறிகுறி பார்த்துக் குறை தீர்க்கும் வழிமுறை

பெங்களூரில் ஜப்பானிய மேப்பிள் வளர்ப்போர் சொல்லும் குறைகள் எல்லாம் இலையில்தான் தொடங்குகின்றன. இலை கருகுகிறது, வெளுக்கிறது, தொங்குகிறது, சிவப்பு மங்குகிறது, உதிர வேண்டிய காலத்தில் உதிராமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இலையில் குறை தெரிந்தவுடன் இலைக்கு மருந்து தெளிக்கத் தோன்றுவது இயல்புதான். ஆனால் தெளிப்பானைக் கையில் எடுப்பதற்கு முன் தொட்டி மண்ணையும், அதற்கு ஊற்றும் தண்ணீரையும், தொட்டி நிற்கும் இடத்தையும் பார்த்துவிட வேண்டும் என்பதை, மூன்று மரம் வாங்கி இரண்டைப் பறிகொடுத்த பிறகே நான் கற்றுக்கொண்டேன். ஜெயநகரில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் மாடியில், கிழக்குப் பார்த்த பால்கனியிலும் மேலே மொட்டை மாடியிலுமாக எங்கள் தொட்டிகள் இருக்கின்றன.

இந்த மரத்தின் சொந்த இடத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குறைகளுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும். ஜப்பான், கொரியா முதலிய நாடுகளின் மலைக்காடுகளில், உயரமான மரங்களின் நிழலுக்கு அடியில் வளரும் சிறுமரம் இது. 1775இல் ஜப்பானுக்குச் சென்ற சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் துன்பெர்க், 1784இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஏசர் பால்மேட்டம் என்று பெயரிட்டார்; உள்ளங்கை போல் விரிந்த இலை என்பதால் அந்தப் பெயர். வடிகட்டிய வெளிச்சம், சற்றே அமிலத்தன்மையுள்ள இலைமக்கு மண், ஈரமான காற்று, இலையுதிர்ந்து உறங்கும் நீண்ட குளிர்காலம் ஆகிய நான்கும் அதற்கு வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் ஊர் இவற்றில் முதல் மூன்றை ஓரளவு தந்துவிடும். நான்காவதைத் தராது.

முதலில், இது மேப்பிள்தானா?

இந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம். இணையத்தில் நான் முதன்முதலாக வாங்கிய "சிவப்பு மேப்பிள்" விதைகள் ஆறே நாளில் முளைத்தன. ஆறு மாதத்தில் இடுப்பளவு வளர்ந்து, செம்பருத்தி போலவே பூவும் பூத்தன. அது புளிச்சைக்கீரைக்கு உறவான, சிவந்த இலையுள்ள ஒரு செம்பருத்தி இனம். இலையின் வடிவமும் நிறமும் யாரையும் ஏமாற்றக்கூடியவை.

கணுவைப் பாருங்கள். மேப்பிளில் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் நேருக்கு நேராக, விரித்த இரு கைகள் போல நிற்கும். செம்பருத்தி வகையில் இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக, இடமும் வலமுமாக ஏறிச்செல்லும். விதையிலும் இதே தெளிவு உண்டு: மேப்பிள் விதைக்கு இறக்கை இருக்கும், அது வெதுவெதுப்பான நீரில் ஒரு நாள் ஊறி, பிறகு ஈரமான நார்த்தூளில் மூன்று நான்கு மாதம் குளிர்பதனப் பெட்டியில் 4, 5 டிகிரி குளிரில் கிடந்தால்தான் முளைக்கும். ஒரு வாரத்தில் முளைப்பது மேப்பிள் அல்ல. நீல நிற மேப்பிள் என்று படம் போட்டு விற்பவர்களைப் பற்றிச் சொல்வதற்கு எதுவுமில்லை. அப்படி ஒரு மரமே கிடையாது.

இலை நுனியும் ஓரமும் கருகுகின்றன

மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெங்களூரில் கருகாத மேப்பிளை நான் பார்த்ததில்லை. எனவே கருகுகிறதா என்று கேட்பதைவிட எப்படிக் கருகுகிறது என்று கேட்பதே பயன் தரும்.

மரத்தின் மேற்குப் பக்கத்து இலைகளும் உச்சி இலைகளும் மட்டும் காய்ந்து, உள்பக்கத்து இலைகள் நன்றாக இருந்தால் பிற்பகல் வெயிலும் வறண்ட காற்றும்தான் காரணம். வேர் எவ்வளவு வேகமாக உறிஞ்சினாலும் மெல்லிய இலையிலிருந்து அதைவிட வேகமாக நீர் ஆவியாகிவிடுவதால், நீர் கடைசியாகச் சென்று சேரும் நுனியும் ஓரமும் முதலில் காய்கின்றன. காலை பத்து, பத்தரை மணி வரை மட்டும் நேர்வெயில் படும் இடத்துக்குத் தொட்டியை மாற்றுங்கள். அது முடியாவிட்டால் ஐம்பது விழுக்காட்டு நிழல்வலை கட்டுங்கள். ஜூன் முதல் ஆகஸ்டு வரை மேற்கிலிருந்து வீசும் காற்றையும் மறந்துவிடக்கூடாது. வானம் மூடியிருப்பதால் வெயில் இல்லையே என்று தொட்டியைத் திறந்த மாடியில் விட்டால், அந்தக் காற்றே இலையை ஓரம் கிழித்துக் காயவைத்துவிடும்.

கருகல் எல்லாத் திசைகளிலும் சமமாக, முதிர்ந்த இலைகளில் தொடங்கினால் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். இந்த ஊரில் பல வீடுகளில் காவிரி நீரும் ஆழ்குழாய் நீரும் ஒரே சம்ப்பில் (நிலத்தடித் தொட்டியில்) கலக்கின்றன. காவிரி வராத நாளில் டேங்கர் தண்ணீரும் அதில்தான் விழுகிறது. குழாய் வாயில் வெள்ளைப் படிவு கட்டுகிறதென்றால், அதே உப்புதான் தொட்டியிலும் சேர்கிறது. மண்சட்டியின் வெளிப்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள்: சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைத் துகள் ஒட்டினால் வேறு சோதனை தேவையில்லை.

என் முதல் மரம் போனது இப்படித்தான். குடிநீர் வடிகட்டியின் ஆர்.ஓ. கழிவுநீரை வீணாக்கக்கூடாது என்று வாளியில் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். வாழையும் செம்பருத்தியும் அதைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தன. மேப்பிள் மட்டும் ஏழு வாரத்தில் ஓரம் முழுவதும் பழுப்பாகி நின்றது. பிறகு நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை அந்த வாளியில் நனைத்துப் பார்த்தபோது எண் 900ஐத் தாண்டியது. குழாய் நீரிலுள்ள உப்பைச் சவ்வு பிரித்து, குறைந்த நீரில் அடர்த்தியாக்கி வெளியே தள்ளுவதுதானே அந்தக் கழிவுநீர்? அதைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள். மேப்பிளுக்கு 300க்கு மேல் காட்டும் எந்தத் தண்ணீரையும் நான் இப்போது ஊற்றுவதில்லை. மழைநீர்தான் சிறந்தது, 2009ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு 40க்கு 60 அடி மனைகளில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், பல வீடுகளில் குழாய் ஏற்கெனவே இருக்கிறது, அதன் அடியில் ஒரு டிரம் வைப்பதுதான் பாக்கி.

உப்பு சேர்ந்துவிட்ட தொட்டியைக் கழுவ, தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு நல்ல நீரை ஒரு மணி நேரத்தில் சிறிது சிறிதாக மேலிருந்து ஊற்றி, அடியில் முழுவதும் வடியவிட வேண்டும். அடித்தட்டில் தேங்கும் நீரை உடனே கொட்டிவிட வேண்டும்; விட்டால் வடிந்த உப்பு மீண்டும் மேலேறும். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டியை வாங்கியவுடன் நேரே கலப்பவர்களும் இதே குறையைச் சந்திக்கிறார்கள். அதிலும் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும்.

பாதி கருகிய இலைகளைக் கிள்ளி எறியாதீர்கள். மீதமிருக்கும் பச்சைப் பகுதிதான் மரத்துக்குச் சோறு போடுகிறது. கருகிய மரத்துக்குச் சத்துக் கொடுப்பதாக நினைத்து உரம் போடுவதும் வேண்டாம். அது உப்பின் மேல் உப்பு.

மண் ஈரமாகவே இருக்கிறது, ஆனால் இலை தொங்குகிறது

செப்டம்பர், அக்டோபர் மழையில் வரும் குறை இது, மேப்பிளைக் கொல்வதில் இதற்கு ஈடு வேறில்லை. என் இரண்டாவது மரம் வாடி நின்றபோது நான் தண்ணீர் ஊற்றாமல் விட்டிருந்தேன். என் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "வாடின செடிக்குத் தண்ணி ஊத்தாம பார்த்துக்கிட்டு நிக்கிறியேப்பா" என்று கடிந்துகொண்டு, நான் அலுவலகம் போன பிறகு இரண்டு செம்பு ஊற்றிவிட்டார். வாடல் என்றால் தாகம் என்று எண்ணுவது யாருக்கும் இயல்பு. வேர் அழுகியிருந்தால், தண்ணீருக்கு நடுவிலேயே நின்றாலும் மரத்தால் குடிக்க முடியாது என்பது பார்வைக்குத் தெரிவதில்லை.

மண்ணின் மேற்பரப்பை நம்ப வேண்டாம். நீளமான மூங்கில் குச்சி ஒன்றைத் தொட்டியின் நடுவில் அடி வரை செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். குச்சி கருமையாக நனைந்திருந்து, முகர்ந்தால் சாக்கடை வாடை வந்தால், அன்றே மரத்தை வெளியே எடுக்க வேண்டும். தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்துத் தட்டி, மண்கட்டியோடு உருவி, ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுங்கள். நல்ல வேர் வெளிர் பழுப்பாக, நுனி வெண்மையாக, இழுத்தால் எதிர்த்து நிற்கும். அழுகிய வேரின் கறுத்த தோல், உறை போலக் கழன்று கையோடு வந்துவிடும், உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் தொங்கும். ஒருமுறை பார்த்தவருக்கு இந்தக் காட்சி மறக்காது.

ஃபைட்டோப்தோரா, பித்தியம் ஆகிய நீர்ப்பூஞ்சைகள் காற்றில்லாத சேற்றில் பெருகி வேரைத் தாக்குவதுதான் இதன் பின்னணி. அழுகிய வேரை மருந்து உயிர்ப்பிக்காது. கறுத்ததை எல்லாம் ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் நல்ல வேர் தெரியும் வரை வெட்டி, மீதமுள்ள வேரைக் கழுவி, புதிய கலவையில் சற்றே சிறிய தொட்டியில் நட்டு, முழு நிழலில் வைக்க வேண்டும். இழந்த வேருக்கு ஈடாக இலையிலும் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடலாம். வேரில் பாதிக்கு மேல் நன்றாக இருந்தால் மரம் பிழைக்கும்.

கலவையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நர்சரியில் செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்பித் தரும் தொட்டிதான் பெரும்பாலும் இந்த அழுகலின் தொடக்கம். பெங்களூர்ச் செம்மண் நிலத்தில் நல்ல மண். தொட்டியில் ஒரு மழைக்காலம் கண்டால் செங்கல் போல இறுகிவிடும். நான் பயன்படுத்துவது, கட்டட வேலை நடக்கும் இடத்தில் கிடைக்கும் உடைந்த செங்கல்லைப் பட்டாணி அளவுக்கு நொறுக்கிச் சலித்து, தூளை நீக்கிய சில்லு இரண்டு பங்கு, கழுவிய கோகோபீட் ஒரு பங்கு, மக்கிய இலையுரம் ஒரு பங்கு. சிமெண்டுச் சாந்து ஒட்டிய துண்டுகளைத் தவிர்த்துவிட வேண்டும், அதன் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும். தண்ணீர் ஊற்றிய சில நொடிகளில் அடித்துளை வழியே சொட்டத் தொடங்கினால் கலவை சரி. தொட்டியை வெறும் தரையில் வைக்காமல் மூன்று செங்கல்லின் மேல் ஏற்றிவிட்டால், மழையில் வடிகாலும் கோடையில் சூடேறிய மாடித் தளத்திலிருந்து பாதுகாப்பும் சேர்ந்தே கிடைக்கும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியைக் கோடையில் ஈரச் சாக்கால் சுற்றிவிடுங்கள். உள்ளே வேர் வெந்துபோவதைத் தடுக்கலாம்.

புதிய இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை

இது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும். கடின நீரால் மண் காரமாகிவிட்டதால் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. கடையில் எளிதில் கிடைக்கும் இ.டி.டி.ஏ. (EDTA) வகை இரும்பு காரமண்ணில் விரைவில் செயலிழந்துவிடும் என்பதால், சற்று விலை கூடினாலும் இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகையைக் கேட்டு வாங்குங்கள். அதற்குப் பிறகும் அதே போர்வெல் நீரையே ஊற்றினால் மஞ்சள் மீண்டும் வரும். முதிர்ந்த இலைகள் நரம்போடு சேர்ந்து சீராக வெளுத்தால் அது தழைச்சத்துக் குறை. மண்புழு உரமோ, தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள 19:19:19 உரத்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதியோ போதும்.

சிவப்பு இலை பச்சையாகிறது. அடியிலிருந்து வேறு மாதிரி இலை வருகிறது

இரண்டும் வெவ்வேறு. துளிர்க்கும்போது இரத்தச் சிவப்பாக இருந்த இலை மே மாதத்தில் பச்சை கலந்த பழுப்பானால், வெளிச்சம் குறைவதும் இரவிலும் வெப்பம் தணியாததும் காரணம். இலையைச் சிவப்பாக்கும் ஆந்தோசயனின் நிறமி அப்போது குறைவாகவே உண்டாகிறது. காலை வெயிலைச் சற்றுக் கூட்டிப் பார்க்கலாம், நோய் என்று கவலைப்பட வேண்டியதில்லை.

ஆனால் ஒட்டுச்செடியின் ஒட்டுத் தழும்புக்குக் கீழேயிருந்து பச்சை இலையோடு ஒரு கிளை விறுவிறுவென்று எழுந்தால், மரம் தேறிவிட்டது என்று மகிழ வேண்டாம். அது ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் வேர்ச்செடியின் கிளை. விட்டுவைத்தால் மேலே உள்ள விலைகொடுத்து வாங்கிய மரத்தைப் பட்டினி போட்டுவிடும். தண்டோடு ஒட்ட வெட்டிவிடுங்கள்.

இலையில் பிசுபிசுப்பு, எறும்பு வரிசை, வெண்பொடி

எறும்பு ஏறுகிறதென்றால் மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ இருக்கிறது. அவை கழிக்கும் இனிப்பு நீருக்காகவே எறும்பு வருகிறது. இலையைத் திருப்பி அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சினாலே அசுவினி பெருமளவு போய்விடும். மிஞ்சினால் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள். மேப்பிளின் இளந்துளிர் எண்ணெய் பட்டால் கருகக்கூடும் என்பதால், முதலில் ஒரு கிளையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது. கோடையில் இலை தூசு படிந்தது போலப் புள்ளிபுள்ளியாக வெளிறினால் செம்பேன். வெள்ளைத் தாளின் மேல் இலையைத் தட்டினால் நகரும் புள்ளிகள் தெரியும். வெண்பொடி சாம்பல் நோய்க்கு நீரில் கலக்கும் நனையும் கந்தகத்தூள் போதும், ஆனால் எண்ணெய் தெளித்த இரண்டு மூன்று வாரத்துக்குள் கந்தகம் தெளித்தால் இலை வெந்துவிடும்.

ஒரு கிளை மட்டும் திடீரென்று காய்கிறது

மற்ற கிளைகள் நலமாக இருக்க ஒன்று மட்டும் இலையோடு காய்ந்தால், அதை வெட்டி வெட்டுமுகத்தைப் பாருங்கள். மரக்கட்டையில் கரும்பச்சையாகவோ கருமையாகவோ கோடுகளும் வளையங்களும் தெரிந்தால் வெர்ட்டிசிலியம் வாடல் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். மண்ணில் வாழும் அந்தப் பூஞ்சை தக்காளி, கத்தரி, உருளை ஆகியவற்றையும் தாக்கும். மாடித் தோட்டத்தில் தக்காளி முடிந்த பையின் மண்ணை அடுத்த செடிக்குக் கொட்டும் வழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. மேப்பிளுக்கு மட்டும் அதைச் செய்யக்கூடாது. இந்த நோய்க்கு மருந்து இல்லை. வெட்டுமுகம் சுத்தமாக இருந்தால் தண்டில் துளையோ, கயிறு இறுக்கிய தழும்போ இருக்கிறதா என்று கீழ்நோக்கித் தேடுங்கள்.

ஜனவரியிலும் இலை உதிரவில்லை. துளிர் ஒழுங்காக வரவில்லை

பெங்களூர் மேப்பிளின் மூலக்குறை இதுதான், மேலே சொன்ன பலவும் இதன் கிளைகள். இலையுதிர் மரங்களின் மொட்டு உறக்கம் கலைய வேண்டுமானால் குளிர் நேரம் சேர வேண்டும். பொதுவாக 0 முதல் 7 டிகிரி வரையுள்ள மணிநேரங்களை அதற்குக் கணக்கிடுவார்கள். பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1884ஆம் ஆண்டு ஜனவரி 13 அன்று 7.8 டிகிரி. சாதாரண ஜனவரி இரவுகள் 15 டிகிரியை ஒட்டி நிற்கின்றன. அதாவது அந்தக் கணக்கின்படி இந்த ஊர் மரத்துக்கு ஒரு மணி நேரம்கூடத் தருவதில்லை. எனவே பழைய இலை தொங்கிக்கொண்டே இருக்கும், கிளை நுனியில் மட்டும் கொத்தாகத் துளிர் வரும், கீழ்மொட்டுகள் தூங்கிக்கொண்டேயிருந்து காய்ந்துபோகும், ஆண்டுக்கு ஆண்டு மரம் மெலியும்.

இதற்கு முழுத் தீர்வு இல்லை. சமாளிக்கும் வழி உண்டு. இந்தோனேசியாவின் மலாங் மலைப்பகுதியில், உறைகுளிரே காணாத இடத்தில், இலைகளைக் கையால் உருவி ஆப்பிள் மரத்தைத் துளிர்க்க வைக்கிறார்கள். அதே தத்துவத்தைத்தான் நான் பின்பற்றுகிறேன். அக்டோபரோடு உரத்தை நிறுத்துகிறேன். டிசம்பர் தொடக்கத்தில் தொட்டியை மொட்டை மாடியில், இரவில் வானம் நேராகத் தெரியும், பகலில் நிழல் விழும் மூலைக்கு மாற்றி, தண்ணீரைச் சற்றுக் குறைக்கிறேன். டிசம்பர் கடைசி வாரத்தில் ஒவ்வோர் இலையையும் காம்பை விட்டுவிட்டுக் கத்தரிக்கோலால் நறுக்குகிறேன். காம்பு சில நாளில் தானே உதிரும், அதன் கக்கத்தில் உள்ள மொட்டுக்குக் காயம் படாது. மூன்றடி மரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிடிக்கிறது. தொட்டி மாற்றுவதும் கிளை கழிப்பதும் இதே சமயத்தில்தான். இலை நறுக்குவதை நலமான மரத்துக்கு மட்டும், ஓராண்டு விட்டு ஓராண்டு செய்ய வேண்டும். வேர் அழுகலிலிருந்து தேறிய மரத்தை இப்படி மொட்டையடித்தால் அது திரும்பி வராது.

உள்ளங்கை அளவுத் தொட்டியில் உள்ள நாற்றுகளை, இலை நீக்கி, ஈரம் காயாமல் பைக்குள் வைத்து, ஆறு முதல் எட்டு வாரம் குளிர்பதனப் பெட்டியில் உறங்கவைக்கும் போன்சாய்க்காரர்களும் உண்டு. அதே பெட்டியில் ஆப்பிளோ வாழைப்பழமோ இருக்கக்கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுக்கும். வீட்டில் தனிப் பெட்டி இல்லாதவர்கள் இதற்கு முன் குடும்பத்தாரின் ஒப்புதலைப் பெறுவது நல்லது.

புதிதாக வாங்குவோருக்கு என் யோசனை, மூன்று முனை இலையுள்ள டிரைடெண்ட் மேப்பிளில் தொடங்குங்கள். அது வெப்பத்தை மேலும் தாங்கும். லால்பாக் போன்சாய்ப் பூங்காவுக்கு ஒருமுறை போய், தட்டையான தொட்டிகளில் எந்த மரம் இந்த ஊர்க் காற்றில் சுகமாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குவது இன்னும் நல்லது.

மரம் மொட்டையாக நிற்கிறது, உயிர் இருக்கிறதா?

இலை போனவுடன் குப்பையில் போட வேண்டாம். ஒரு சிறு கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே ஈரமான பச்சை தெரிந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து தெரிந்தால் இன்னும் கீழே இறங்கிச் சுரண்டிப் பார்த்து, பச்சையாக உள்ள முதல் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். பச்சை ஒட்டுத் தழும்புக்குக் கீழே மட்டும் இருந்தால், இனி எழுவது வேர்ச்செடிதான். தழும்புக்கு மேல் ஒரு விரற்கடையாவது பச்சை இருந்தால் நிழலில் வைத்து, மண்ணில் செருகிப் பார்க்கும் மூங்கில் குச்சி காய்ந்து வந்த பிறகு மட்டும் தண்ணீர் விட்டு, கோடையில் வரும் மாங்காய் மழை பெய்து முடியும் வரை காத்திருங்கள். என் மூன்றாவது மரம் ஒருமுறை ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை குச்சியாகவே நின்றுவிட்டு, இரண்டு மழைக்குப் பிறகு அடிக்கணுவில் அரிசி அளவுக்கு ஒரு சிவந்த மொட்டை நீட்டியது.